செந்தூல் பட்டறை: கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும்

நான் குடியிருக்கும் பக்கத்தில் கொண்டோக்களுக்கெல்லாம் மளிகைக்கடைப் பெயர்கள். டேமரிண்ட் என்றால் புளி. சாஃப்ரன் என்றால் குங்குமப்பூ. ஃபென்னல் என்றால் சோம்பு. கேப்பர்ஸ் என்றும் ஒன்று இருக்கிறது. அது ஏதோ ஊறுகாய் போடும் மொட்டு என்று கூகள் சொன்னது. சாலையோரத்தில் வடை சுடும் அக்காவிடம் ஒருநாள் இந்தப் பெயர்களுக்கு அர்த்தம் சொன்னேன். எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்படியா தம்பி? கொழம்பு வைக்க எல்லாம் இருக்கு. சாப்பிடத்தான் பழைய ஆளுங்க இல்ல" என்றார்.

செந்தூலுக்கு நான் வந்து மூன்று வருடமாகிறது. வேலையிடத்துக்கு ரயில் வசதி, வாடகையும் பங்சாரைவிடக் குறைவு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மேற்குச் செந்தூலில், ஒரு பெரிய பழைய செங்கல் கட்டடம் உண்டு. செந்தூல் டெப்போ என்கிறார்கள். வார இறுதிச் சந்தை, இசை நிகழ்ச்சி, கலைக் கண்காட்சி என்று அங்கே ஏதாவது நடக்கும். உயரமான ஜன்னல்கள், இரும்புச் சட்டங்கள் தாங்கும் கூரை. எந்தப் பக்கம் திரும்பிப் படம் பிடித்தாலும் அழகாக விழும். ஜொகூரிலிருந்து வந்த ஒரு நண்பனை அழைத்துப் போனேன். பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டு அவன் கேட்டான்: "இது முன்ன என்னடா?"

"ரயில் கொட்டகை" என்றேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பொறியியல் படித்தவன், மூன்று வருடமாக எதிரிலேயே குடியிருப்பவன். வெட்கமாகத்தான் இருந்தது.

அன்று இரவு அப்பாவுக்கு போன் செய்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது கொட்டகை இல்லடா. அதான் செந்தூல் ஒர்க்‌ஷாப். எங்க பெரியப்பா அங்கதான் வேல செஞ்சாரு. நான் ரெண்டு வருஷம் அந்த ஊர்லதான் இருந்தேன்" என்றார். இத்தனை நாள் இதைச் சொன்னதில்லையே என்றேன். "நீ கேக்கலியே" என்றார்.

அதன் பிறகு கேட்டதும் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

ஏன் செந்தூல்?

செந்தூல் என்பது ஒரு பழத்தின் பெயர். மலாய்க்காரர் வீட்டு முற்றங்களில் நிற்கும் மரம்; புளிப்பும் இனிப்புமான வெள்ளைச் சதை. அந்தப் பெயரில் இருந்த ஒரு கம்பத்துப் பக்கம் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ரயில்வேயின் மையப் பட்டறை எழும்பியது.

மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. எட்டு மைல்தான். ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு போவது அதன் வேலை. பாதை போட இலங்கையிலிருந்து பயனியர் படைத் தொழிலாளர்களை வரவழைத்தார்கள். அடுத்த வருடம் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ஒரு பாதை. இவையெல்லாம் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும் துண்டுத் துண்டுப் பாதைகள், ஒன்றையொன்று தொடாதவை.

1901-இல் மலாய் மாநிலக் கூட்டரசின் ரயில்வே ஒரே நிறுவனமானது. 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான்வரை பாதை தொடர்ச்சியாக நீண்டது. 1909-இல் ஜொகூர் பாரு, 1918-இல் சயாம் எல்லை, 1923-இல் கடல்பாலம் வழியாகச் சிங்கப்பூர். துண்டுகள் சேர்ந்து ஒரே வலையானபோது பழுது பார்க்கவும் நடுவில் ஓரிடம் வேண்டியிருந்தது. நடு கோலாலம்பூர். பட்டணத்துக்கு வடக்கே சமநிலம் இருந்தது. 1905-இல் திறந்த பத்துமலைக் கிளைப்பாதையும் அந்த வழியாகத்தான் போகிறது. இன்று நாம் தைப்பூசத்துக்கு கொமுட்டரில் நெருக்கியடித்துப் போகும் அதே வழி. முதலில் அதில் போனது சாமி கும்பிடும் கூட்டமில்லை, சுண்ணாம்புக் கல்.

உள்ளே என்ன நடந்தது?

அப்பாவின் பெரியப்பா (எனக்குப் பெரிய தாத்தா) பிட்டராக இருந்தவர். அவர் தன் வேலையைப் பற்றி அப்பாவிடம் சொன்ன ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ரயில் சக்கரம் முழுசாக ஒரே வார்ப்பு என்றுதான் நாம் நினைப்போம். அந்தக் கால எஞ்சின் சக்கரம் இரண்டு பாகம். நடுவில் வார்ப்பு, சுற்றிலும் ஒரு எஃகு வளையம். தண்டவாளத்தில் உரசித் தேய்வது அந்த வளையம்தான். தேய்ந்ததும் வளையத்தை மட்டும் மாற்றுவார்கள். புது வளையத்தின் உள்விட்டம் சக்கரத்தைவிடக் கொஞ்சூண்டு சிறிதாக இருக்கும். அதை நெருப்பில் சுடவைத்தால் விரியும். விரிந்த வளையத்துக்குள் சக்கரத்தை இறக்க வேண்டும். ஆறும்போது வளையம் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும்.

"மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு ஆசாரி பட்டா காய்ச்சிப் போடுவானே, அதேதான். என்ன, வெள்ளக்காரன் அத டிராயிங்ல போட்டுக் குடுத்தான்" என்று பெரிய தாத்தா சொல்வாராம். வெப்ப விரிவைப் பல்கலைக்கழகத்தில் ஒரு முழுப் பருவம் படித்தேன். இவ்வளவு எளிதாக யாரும் சொன்னதில்லை.

நீராவி எஞ்சின் நிறையக் கைகளைக் கேட்கும் இயந்திரம். கொதிகலனில் ஊற்றும் தண்ணீரிலுள்ள உப்பு குழாய்களில் படியும். சுரண்டிக் கழுவ வேண்டும். குழாய்கள் அரிக்கும், பிடுங்கிப் புதிது மாட்ட வேண்டும். தாங்கிகளில் உலோகம் உருக்கி ஊற்றி, கையால் சீவிப் பொருத்த வேண்டும். பெரிய பழுது என்றால் எஞ்சினைச் சக்கரங்களிலிருந்து மேலே தூக்கி, எலும்பு எலும்பாகப் பிரித்து, மறுபடி கோக்க வேண்டும். உதிரி பாகத்துக்கு இங்கிலாந்துக்கு எழுதிப்போட்டால் கப்பலில் வர மாதக்கணக்கு ஆகும். ஆகவே வார்ப்படம், கொல்லுப்பட்டறை, கடைசல், தச்சு, பெயின்ட் என்று எல்லாமே ஒரே வளாகத்தில் இருந்தாக வேண்டும். பயணிகள் பெட்டிகளும் சரக்குப் பெட்டிகளும் வேறு. அதனால்தான் செந்தூல் ஒரு கட்டடமாக இல்லாமல் ஓர் ஊராக வளர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை பார்த்தார்கள்.

அந்த வேலையின் ஒரு மிச்சத்தை நெகாரா அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 'தெமர்லோ' என்ற நீராவி எஞ்சின் வெளியே நிற்கிறது. கிளாஸ்கோவில் செய்த 56-ஆம் வகுப்பு எஞ்சின்களில் ஒன்று. அந்த வகுப்புக்கு ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். பள்ளிச் சுற்றுலாவில் அதன்முன் நின்று நானும் படம் எடுத்திருக்கிறேன். யார் கை அதைப் பிரித்து மாட்டியிருக்கும் என்று அப்போது தோன்றியதில்லை.

இதையெல்லாம் அழகான பழைய காலம் என்று எழுதிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. என் வேலையில் இரைச்சலை அளப்பதும் ஒரு பகுதி. நம் நாட்டின 2019 விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை. அதற்கு முன் இருந்த 1989 விதியில் 90. அதற்கும் முன்னால்? கொதிகலனின் உள்ளே ஒருவர் தாங்கிப்பிடிக்க வெளியிலிருந்து இன்னொருவர் ஆணி அறைந்த காலத்தில் உலகெங்கும் ரயில் பட்டறைகளில் ஆட்களுக்குக் காது போனது. அப்படிப் போகும் காதுக்கு ஆங்கிலத்தில் கொதிகலன்காரர்களின் பெயரையே வைத்துவிட்டார்கள். பழைய பட்டறைகளைப் பார்த்து நாம் ரசிக்கும் அமைதி, அவை வேலை செய்த காலத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

யார் யார் இருந்தார்கள்?

ஆங்கிலேய ரயில்வே மனிதர்களை அடுக்கி வைத்திருந்தது. மேலே ஐரோப்பிய எஞ்சினியர்கள். கணக்கு, கடிதம், நிலையம் என்ற நடு அடுக்கில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்களும் யுரேசியர்களும் அதிகம். கீழே உடல் உழைப்பில் தென்னிந்தியர்கள் பெருந்தொகை. கூடவே சீக்கியர், சிங்களவர், சீனர், மலாய்க்காரர். தமிழர் என்று நாம் இன்று ஒரே சொல்லில் சொல்வதில் ஓர் அடுக்கு கிராணியாகவும் இன்னொன்று கூலியாகவும் ஒரே சங்குக்கு எழுந்து ஒரே கேட்டில் நுழைந்தது.

இதைத் தெரிந்துகொள்ள ஆவணக் காப்பகம் போக வேண்டியதில்லை. செந்தூலில் ஒரு ஞாயிறு காலை நடந்தாலே போதும். குருத்துவாரா இருக்கிறது. சிங்களவர்கள் நிறுவிய பௌத்த ஆலயம் இருக்கிறது. தமிழில் பூசை நடக்கும் கத்தோலிக்கத் தேவாலயம், மெதடிஸ்ட் ஆலயம், சிவன் கோயில் எல்லாம் நடந்து போகும் தூரத்தில். சம்பளப் பட்டியல் காணாமல் போனாலும் வழிபாட்டு இடங்கள் வருகைப் பதிவேடாக நிற்கின்றன.

தோட்டத்திலிருந்து பார்த்தால் செந்தூல் எப்படித் தெரிந்தது என்பது இன்னொரு கதை. என் கொள்ளுத்தாத்தா குடும்பம் பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. மூத்த மகன் மட்டும் அவசரகாலம் தொடங்கிய சமயத்தில் யாரோ ஒருவரின் சிபாரிசைப் பிடித்துக்கொண்டு செந்தூலுக்குப் போனார். இளையவர், என் தாத்தா, தோட்டத்திலேயே தங்கினார். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர். ஒருவர் பால் வெட்டினார், ஒருவர் இரும்பு வெட்டினார்.

தோட்டத்தில் வேலை, வீடு, கோயில், பள்ளி, கடன் எல்லாமே ஒரு முதலாளியின் வேலிக்குள் இருந்தன. தோட்டம் கைமாறினால் எல்லாம் கைமாறும். 1950-களின் இறுதியில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது அதுதான் நடந்தது. ரயில்வேயிலும் கூலி கூலிதான். ஆனால் அது அரசாங்க வேலை. பென்சன் என்று ஒரு சொல் இருந்தது. கூலியாகச் சேர்ந்தவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு பிட்டராக முடியும். பிள்ளையை நடந்து போகும் தூரத்தில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப முடியும். "தோட்டத்துல அவரப் பத்திப் பேசும்போது யாரும் பேர் சொல்ல மாட்டாங்க. ரயில்வேக்காரர்னுதான் சொல்லுவாங்க" என்றார் அப்பா.

வானத்திலிருந்து

ஜப்பானியர் காலத்தை ரயிலை விட்டுவிட்டுப் பேச முடியாது. கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். தண்டவாளத்தோடு தோட்டத் தமிழர்களையும் ரயிலேற்றினார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்.

1945 பிப்ரவரியில் அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூருக்கு மேல் வந்தன. இலக்கு ரயில்வே மையப் பட்டறை. மார்ச்சில் மறுபடியும் வந்து ரயில் யார்டைத் தாக்கின. அந்த விமானங்களின் தலைமையகம் வங்காளத்தில் கரக்பூர். கரக்பூரும் ஒரு ரயில் பட்டறை ஊர்தான்! பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் பட்டறை அங்கே இருந்தது. அங்கும் தெற்கிலிருந்து போன தொழிலாளர்கள் குடியிருந்தார்கள். ஒரு ரயில் ஊரிலிருந்து இன்னொரு ரயில் ஊரை அழிக்கப் போன விமானங்கள். சேதம் கடுமையானது. போருக்குப் பிறகு பட்டறையைத் திரும்ப எழுப்பினார்கள். ஆகவே இன்று நாம் சாய்ந்து நின்று படம் எடுக்கும் வளாகம் ஒரே காலத்தில் கட்டி அப்படியே காப்பாற்றப்பட்ட ஒன்றில்லை. ஒருமுறை நொறுங்கி எழுந்தது.

நாள் கணக்கும் மாதக் கணக்கும்

1962 டிசம்பரில் மலாயா ரயில்வே தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. புத்தாண்டு தாண்டியும் நீடித்தது. மூன்று வாரத்துக்குமேல் நாட்டில் ரயில் ஓடவில்லை. கோரிக்கை கேட்கச் சின்னதாகத் தெரியும்: நாள்கூலித் தொழிலாளர்களை மாதச் சம்பளக்காரர்களாக மாற்றுங்கள்.

படித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கூலியைக் கூட்டிக் கேட்டால் புரிகிறது. கொடுக்கும் கணக்கை மாற்றிக் கேட்க என்ன இருக்கிறது? அப்பாதான் விளக்கினார். "நாள் கணக்குல இருக்கறவன் இன்னிக்கு இருப்பான், நாளைக்கு இல்ல. மாசச் சம்பளம்னா நீ மனுஷன்னு ஒத்துக்கிட்டான்னு அர்த்தம்." மாதச் சம்பளக்காரனுக்குக் கடைக்காரர் பற்று எழுதுவார். பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். பிள்ளைக்கு அடுத்த வருடப் புத்தகம் வாங்குவதைப் பற்றி இந்த வருடமே நினைக்கலாம்.

அந்த மூன்று வாரம் பெரிய தாத்தா வீட்டில் சம்பளம் இல்லை. தோட்டத்திலிருந்து என் தாத்தா ஒரு மூட்டை அரிசியும் மரவள்ளிக் கிழங்கும் லாரியில் ஏற்றி அனுப்பினாராம். எங்கள் குடும்பத்தில் எழுதி வைத்த சரித்திரம் எதுவும் கிடையாது. ஆனால் இந்த அரிசி மூட்டை எல்லாருக்கும் நினைவிருக்கிறது. பதினைந்து வருடம் கழித்து அந்தக் கடன் வேறு விதத்தில் திரும்பியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஊரின் அரசியலும் இதே பட்டறை நெருப்பில் காய்ந்ததுதான். செந்தூல் இருக்கும் பத்து தொகுதி 1964-இல் தொழிற்கட்சியின் டாக்டர் டான் சீ கூனை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. செந்தூலில் மருத்துவம் பார்த்தவர். பின்னாளில் நாடே அவரை 'மிஸ்டர் அப்பொசிஷன்' என்று அழைத்தது.

சத்தம் எப்படி அடங்கியது

பட்டறையை மூடியது கொண்டோ கட்டியவர்கள்தான் என்று நான் முதலில் நினைத்தேன். கதை அதற்கு வெகுநாள் முன்பே தொடங்கிவிட்டது. 1957-இல் இங்கிலாந்தின் இங்கிலிஷ் எலக்ட்ரிக் நிறுவனத்தின் டீசல் எஞ்சின்கள் வந்தன. ஊர்ப் பெயர் போய் பூக்களின் பெயர் வந்தது. டீசலுக்குக் கொதிகலன் கழுவ வேண்டாம், குழாய் மாற்ற வேண்டாம். எழுபதுகளின் தொடக்கத்தோடு நீராவி ஓய்ந்தது. அதே காலத்தில் நெடுஞ்சாலைகள் வந்தன. சரக்கு லாரிக்குப் போனது. கைகளின் தேவை வருடத்துக்கு வருடம் குறைந்தது. எண்பதுகளில் தனியார்மயம் அரசின் கொள்கையானது. 1992-இல் ரயில்வே இலாகா என்பது கேடிஎம் என்ற நிறுவனமாக மாறியது. 1995-இல் மின்சார கொமுட்டர் வந்தபோது செந்தூல் அதன் கடைசி நிலையங்களில் ஒன்று.

நிறுவனமான பிறகு ரயில்வே தன் கையிருப்பை எண்ணிப் பார்த்திருக்கும். பட்டணத்திலிருந்து சில கிலோமீட்டரில் அத்தனை ஏக்கர் சமநிலம்! தொண்ணூறுகளிலேயே செந்தூலைப் புதுநகராக்கும் திட்டம் வந்தது. அதை 97-98 பொருளாதார நெருக்கடி நிறுத்தி வைத்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒய்டிஎல் குழுமத்தின் கையில் மறுபடி உயிர்பெற்றது. பட்டறை வேலைகள் பேராக்கில் பத்து காஜாவுக்கு மாறின.

2003 ஜூனில் மெர்டேக்கா சதுக்கத்தின் அடியில் இயங்கிய ஆக்டர்ஸ் ஸ்டூடியோ அரங்கம் திடீர் வெள்ளத்தில் மூழ்கியது. அதை நடத்திவந்த ஃபரிடா மெரிக்கனும் ஜோ ஹஷாமும் வேறு இடம் தேடினார்கள். மேற்குச் செந்தூலில் ரயில்வேயின் பழைய கிடங்கு ஒன்று, பிறகு கோல்ஃப் கிளப்பாக இருந்தது, அவர்களுக்குக் கிடைத்தது. 2005-இல் அது கோலாலம்பூர் கலை அரங்கமாக, கேஎல்பேக்காகத் திறந்தது. பழைய செங்கல் சுவரை விட்டுவைத்து அதற்குள் கண்ணாடியும் எஃகும் சேர்த்த கட்டடம். சுற்றிலும் பூங்கா, குளம். என் வயதுக்காரர்களுக்கு செந்தூல் அறிமுகமானது அந்த வாசல் வழியாகத்தான். நானும் அங்கே நாடகம் பார்த்துவிட்டு, நல்ல இடமாக இருக்கிறதே, இங்கே அறை கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தவன்தான். ஒரு நகரப் பகுதி மாறும் கதையில் கலைஞர்கள் முதலில் வருவார்கள், பின்னால் மாதச் சம்பளக்காரர்கள் வருவார்கள், அப்புறம் வாடகை ஏறும் என்று சொல்வார்கள். அதில் நான் இரண்டாவது வரிசை.

ஆகவே பழி சொல்லும் இடத்தில் நான் இல்லை. கட்டடத்தை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். இந்நகரத்தில் அதுவே அபூர்வம். ஒரு பொறியாளனாக எனக்கு அந்த இரும்புச் சட்டங்கள் நிற்பது சந்தோஷம்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. செந்தூல் பட்டறை இரண்டு பொருள்களைச் செய்துகொண்டிருந்தது. ஒன்று, ஓடும் ரயில். இன்னொன்று, ஏணி. எழுதப் படிக்கத் தெரியாமல் தோட்டத்திலிருந்து வந்தவரைக் கைத்தொழில்காரராக்கி, அவர் பிள்ளையைக் கிளார்க்காகவோ ஆசிரியராகவோ ஆக்கிய ஏணி. ரயில் பழுதுபார்ப்பு வேறு ஊருக்குப் போய்விட்டது. அது எங்கோ நடக்கிறது. ஏணி எங்கே போனது? தோட்டங்கள் மூடி, நகரத்தின் ஓரத்து அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த குடும்பத்துப் பையன் இன்று ஒப்பந்தக் காவலாளியாகவோ மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு தருபவனாகவோ இருக்கிறான். அவனுடையதும் நாள் கணக்குதான். 1962-இல் எதை விடச் சொல்லி மூன்று வாரம் பட்டினி கிடந்தார்களோ, அந்தக் கணக்கு ஒரு செயலியாக மாறித் திரும்பி வந்திருக்கிறது. டெப்போவில் நான் காப்பி குடிக்கும்போது வெளியே கேட்டருகே ஹெல்மெட்டோடு காத்திருக்கும் பையன்களில் சிலர் தமிழில் பேசிக்கொள்கிறார்கள்.

செங்கல் சுவரை மரபு என்று காப்பாற்றத் தெரிந்த நமக்கு, ஏணியைப் பழம்பொருள் கணக்கில்கூட சேர்க்கத் தெரியவில்லை.

அப்பா வந்த ஞாயிறு

அரிசி மூட்டைக் கடன் திரும்பிய கதை இதுதான். 1978-இல் அப்பாவுக்குப் பதினேழு வயது. மேற்கொண்டு தொழிற்கல்வி படிக்க கோலாலம்பூர் வர வேண்டும். தங்க இடமில்லை. பெரிய தாத்தா, "அனுப்பி வை" என்று ஒரே வரியில் கடிதம் போட்டார். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஏற்கெனவே ஏழு பேர். அப்பா எட்டாவது ஆள், முன்வராந்தாவில் பாய். விடிகாலைச் சங்குக்கு அவர்தான் முதலில் எழுவார். இரண்டு வருடம் அப்படிப் படித்துத்தான் தொலைபேசி இலாகாவில் டெக்னீஷியன் ஆனார். அவர் சம்பளத்தில் நான் படித்தேன். என் பட்டத்தின் அடிவேரில் ஒரு வராந்தாவும் ஒரு பாயும் இருக்கின்றன. 1980-இல் பெரிய தாத்தா ஐம்பத்தைந்து வயதாகி ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்வதுதான் முறை. ரவாங்கில் மகள் வீட்டுக்குப் போனார். அந்த வீடு என்றைக்குமே அவருடையதாக இருந்ததில்லை. பழைய செந்தூலை நினைத்து உருகும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் அப்பாவை டெப்போவுக்கு அழைத்துப் போனேன். அன்றைக்குப் பழைய சாமான் சந்தை. வருத்தப்படுவார் என்று உள்ளூரப் பயம். பாதி தூரத்தில் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன். அவர் வாசலில் நின்றுவிட்டார்.

"என்னப்பா?"

"இதுக்குள்ள நான் வந்ததே இல்லடா."

"ரெண்டு வருஷம் இங்கதான இருந்தீங்க?"

"உள்ள விட மாட்டாங்க. சனிக்கெழம பெரியம்மா டிபன் கேரியரக் குடுத்து அனுப்புவாங்க. கேட்டுக்கிட்ட நிப்பேன். அவரு வந்து வாங்கிட்டுப் போயிருவாரு. உள்ள சத்தம் மட்டும் கேக்கும்."

உள்ளே போனோம். அப்பா கடைகளைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கிக் கூரையையே பார்த்துக்கொண்டு நடந்தார். நடுவில் நின்று நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம், "எந்த எடத்துல நின்னிருப்பாரு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பிட்டர் என்றால் எந்தப் பக்கம், எந்தக் கொட்டகை, இந்தக் கட்டடம்தானா, பக்கத்துக் கட்டடமா? சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள். ரவாங்கிலோ சுங்கை பூலோவிலோ பேரன் வீட்டு அறையில் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். இருந்தால், 'எந்த செக்‌ஷன் தாத்தா?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நாம் கேட்கவில்லை என்பதால்தான் அவர்கள் சொல்லவில்லை.

அப்பா வெளியே வரும்போது கேட்டருகே மறுபடி ஒருமுறை நின்றார். அவர் முகத்தில் நான் பயந்த வருத்தம் இல்லை. "பரவால்ல, இப்பவாச்சும் உள்ள விட்டாங்க" என்றார்.